ஏழாம் வகுப்பில் குழுப்பணி: நிலத்தடித் தண்டுகள் பாடத்தில் நடந்தது

பின்னணி

ஈரோடு மாவட்டத்தில் மஞ்சள் விளையும் பகுதியில் இருக்கும் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. 2024-25 கல்வியாண்டின் முதல் பருவம். ஏழாம் வகுப்பில் 28 பேர்: 15 பெண் பிள்ளைகள், 13 பையன்கள். வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநராக அந்தப் பள்ளிக்குப் போய் வந்தபோது கவனித்ததை, அறிவியல் ஆசிரியையின் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். ஊரோ ஆட்களோ அடையாளம் தெரியக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

இந்த 28 பேரும் வந்த வழியை முதலில் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது இவர்கள் இரண்டாம் வகுப்பு. மூன்றாம் வகுப்பு முழுக்க வீட்டில் கழிந்தது. 2021 நவம்பர் 1-ஆம் தேதி தொடக்கப் பள்ளிகள் திறந்தபோது நான்காம் வகுப்பில் பாதி போயிருந்தது. 2022-இல், அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் மீட்டெடுக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கியது. அப்போது இவர்கள் ஐந்தாம் வகுப்பு. மறு ஆண்டு அது நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு வந்தபோது இவர்கள் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். இவர்கள் ஒரு வகுப்பு ஏற ஏற, திட்டம் எப்போதும் இவர்களுக்குக் கீழேயே நின்றது. மாலையில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தன்னார்வலரிடம் போனவர்கள் ஓரளவு தேறினார்கள். ஆனாலும் ஏழாம் வகுப்பில் ஐந்தாறு பேர் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படித்தார்கள். குழுப்பணியில் நடந்த எல்லாவற்றுக்கும் அடியில் இந்த இடைவெளி இருந்தது.

முதல் குழுப்பணியில் கண்டது

ஜூன் மாதக் கடைசியில் தாவரங்களின் மாற்றுருக்கள் பாடம் தொடங்கியது; வேர், தண்டு, இலை ஆகியவை வேறு வேலைக்காக உருமாறுவதைச் சொல்லும் பாடம் அது. வளரறி மதிப்பீட்டுக்கான (பாடம் நடக்கும்போதே செய்யும் மதிப்பீடு) செயல்பாடாக ஆசிரியை சார்ட் தயாரிக்கச் சொல்லியிருந்தார். ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒரு குழு என்று நான்கு குழுக்கள். யாரோடு யார் என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்துகொண்டார்கள்.

இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு குழுவில் யார் பேசுகிறார், யார் கையில் பொருள் இருக்கிறது என்று மட்டும் குறித்துக்கொண்டேன். ஒரு பெண் சார்ட்டின் மேல் முழங்கையை ஊன்றி எழுதிக்கொண்டிருந்தாள். வகுப்பில் முதல் மதிப்பெண் அவளுடையது; கையெழுத்தும் அழகு. இரண்டு பேர் அவள் சொன்ன இடத்தில் வண்ணம் தீட்டினார்கள். ஒருத்தி ஸ்கெட்ச் பேனாக்களின் மூடியைக் கழற்றிக் கொடுத்து, திரும்ப வாங்கி மூடினாள். பாடவேளை முழுக்க அந்தக் குழுவில் மூன்று பேர் பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மற்றக் குழுக்களிலும் ஏறக்குறைய இதே கதைதான். பையன்கள் குழு ஒன்றில், பசை வாங்கப் போன இரண்டு பேர் மணி அடிக்கும்போதுதான் திரும்பி வந்தார்கள்.

நான்கு சார்ட்டும் நன்றாகவே வந்திருந்தன. சுவரில் ஒட்டினால் பார்க்கிறவர்கள் பாராட்டுவார்கள். அதனால்தான் இந்தச் சிக்கல் கண்ணில் படாமலே போகிறது. குழுவில் ஒவ்வொருவரும் என்ன கற்றார் என்று சார்ட் சொல்லாது. அன்று மாலை பேச்சு வாக்கில் நான்கு பேரிடம், இஞ்சியை ஏன் தண்டு என்கிறோம் என்று கேட்டேன். சார்ட் எழுதிய பெண் புத்தகத்தில் இருந்ததை அப்படியே சொன்னாள். மற்ற மூவருக்கும் தெரியவில்லை. அதில் ஒருவன் அந்த மாதம்தான் பெற்றோரோடு தோட்டத்தில் விதை மஞ்சள் ஊன்றிவிட்டு வந்தவன்.

இன்னொன்றையும் குறிக்க வேண்டும். பிள்ளைகள் தாங்களே சேர்ந்துகொண்ட குழுக்களில் ஆண், பெண் தனித்தனி. அது எதிர்பார்த்ததே. ஆனால் பையன்கள் பிரிந்தது தெருவை வைத்து. ஊருக்குள்ளிருந்து வருகிறவர்கள் ஒரு பக்கம். வாய்க்காலுக்கு அந்தப்புறத்திலிருந்து வருகிறவர்கள் ஒரு பக்கம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் சத்தம் போடவும் இல்லை. ஒரு நிமிடத்துக்குள் அமைதியாக நடந்து முடிந்துவிட்டது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஆசிரியைக்கு இதில் வருத்தம் இருந்தது. “சொல்லிப் பார்த்துட்டேன் மேடம். எல்லாரும் சேர்ந்து செய்யுங்கன்னு தினமும்தான் சொல்றேன்” என்றார். சொல்லித் தீரும் விஷயமாக எனக்குப் படவில்லை. கொடுத்த வேலை ஒரு ஆள் செய்து முடிக்கக்கூடிய வேலை. நன்றாக எழுதத் தெரிந்த ஒருத்தி இருக்கும்போது, மற்ற ஆறு பேர் ஒதுங்கி நிற்பதுதான் வேலை சீக்கிரம் முடிய வழி. பிள்ளைகள் அதைச் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்கள். மாற்ற வேண்டியது வேலையின் அமைப்பைத்தான் என்று இருவரும் முடிவு செய்தோம்.

முதலில் குழுவின் அளவு. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மான் கயிறு இழுக்கும் சோதனைகளில் கண்டதை 1913-இல் வெளியிட்டார்: ஆட்கள் கூடக் கூட, ஒவ்வொருவரும் இழுக்கும் விசை குறைகிறது. ஏழு பேர் சார்ட்டைச் சுற்றி நின்றாலும் அதுதான் நடக்கிறது. எனவே நான்கு பேர் கொண்ட ஏழு குழுக்கள்.

யார் யாரோடு என்பதை ஆசிரியையே முடிவு செய்தார். சீட்டுக் குலுக்கலாமே என்று பேச்சு வந்தது. ஆனால் குலுக்கினால் படிக்கத் தடுமாறும் நால்வர் ஒரே குழுவில் விழக்கூடும். ஒவ்வொரு குழுவிலும் சரளமாகப் படிக்கும் ஒருவராவது இருக்க வேண்டும், தெரு கலந்திருக்க வேண்டும், மூன்று பையன்களுக்கு நடுவில் ஒரு பெண் தனியாக மாட்டிக்கொள்ளக் கூடாது. இந்த மூன்றையும் வைத்து ஆசிரியை ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பட்டியல் போட்டார். ஆறு குழுக்களில் இரண்டுக்கு இரண்டு. ஒன்றில் மட்டும் மூன்று பெண்கள், ஒரு பையன். எந்த அடிப்படையில் பிரித்தோம் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை.

அடுத்தது வேலை. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் 1971-இல், அதுவரை தனித்தனிப் பள்ளிகளில் படித்த வெள்ளை, கறுப்பு, ஹிஸ்பானிக் இனப் பிள்ளைகள் ஒரே வகுப்பறைக்கு வந்து மோதல் வெடித்தபோது, எலியட் அரோன்சன் என்ற உளவியலாளர் ஒரு முறையை வகுத்தார். பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து ஆளுக்கு ஒன்று கொடுப்பது. ஒரே துண்டு கிடைத்தவர்கள் முதலில் கூடிப் படிப்பார்கள். பிறகு தங்கள் குழுவுக்குத் திரும்பி மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். ஒருவர் வாயைத் திறக்காவிட்டால் அந்தத் துண்டு யாருக்கும் கிடைக்காது. தெரு பார்த்துப் பிரியும் வகுப்புக்கு இது பொருந்தும் என்று தோன்றியது. பாடமும் தோதாக இருந்தது: நிலத்தடித் தண்டுகள் நான்கு வகை, குழுவில் நான்கு பேர். மட்டநிலத்தண்டுக்கு மஞ்சள், கிழங்குக்கு உருளை, குமிழத்துக்கு வெங்காயம், கந்தத்துக்குச் சேப்பங்கிழங்கு.

சார்ட் வேண்டாம், பொருளே கையில் இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். என் கணிப்பில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது இதுதான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் குழுப்பணியை நீண்ட காலம் ஆராய்ந்த எலிசபெத் கோஹன், நன்றாகப் படிப்பவர் என்று பெயரெடுத்த பிள்ளையே, வாசிப்பு தேவைப்படாத வேலையிலும் அதிகம் பேசுவதைச் சுட்டிக்காட்டினார். அந்தப் பெயரின் எடையைக் குறைக்க அவர் சொன்ன வழி இது: பலவிதத் திறமை தேவைப்படும் வேலையைக் கொடுங்கள், பின்தங்கியதாகக் கருதப்படும் பிள்ளை உண்மையிலேயே ஒன்றைச் செய்துகாட்டும் கணத்தில், என்ன செய்தது என்பதை எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள். பொதுவாக ‘வெரி குட்’ என்றால் போதாது.

குழுத் தலைவர் பதவியை எடுத்துவிட்டோம். தலைவர் இருந்தால் அவர் குட்டி ஆசிரியராகிவிடுகிறார். பொருள் எடுத்து வருவது, வாசிப்பது, எழுதுவது, கேள்வி கேட்பது என்று நான்கு பொறுப்புகள், வாரம்தோறும் மாறும்.

மதிப்பெண்ணைப் பொறுத்தவரை, செயல்பாட்டுக்கான 10-இல் 5 அவரவர் எழுதும் பதிலுக்கு. மீதி 5, குழுவினர் பெயர்களைச் சீட்டுக் குலுக்கியதில் பெயர் வந்தவர் எழுந்து விளக்குவதைப் பொறுத்துக் குழு முழுவதற்கும்.

மஞ்சள் வந்த நாள்

மஞ்சள் துண்டு கிடைத்தவர்கள் ஏழு பேர். மறுபடி ஏழா என்று யோசித்து, மூன்றும் நான்குமாகப் பிரித்து உட்கார வைத்தோம். நான் நால்வர் பக்கம் இருந்தேன். தோட்டத்தில் விதை மஞ்சள் ஊன்றியவன் என்று சொன்னேனே, அவன் அதில் இருந்தான்.

ஒரு பெண் புத்தகத்தை வாசித்தாள்: மட்டநிலத்தண்டில் கணு, கணுவிடை, மொட்டு, செதில் இலைகள் உண்டு. வாசித்துவிட்டு மஞ்சளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கணு எங்கே என்று அவளுக்குப் பிடிபடவில்லை. மற்ற இருவரும் புத்தகப் படத்தையும் மஞ்சளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவன் கையை நீட்டி வாங்கினான். கட்டைவிரல் நகத்தால் காய்ந்த தோலை ஓர் இடத்தில் உரித்தான். அடியில் மெல்லிய வளையம் ஒன்று தெரிந்தது.

“இங்க பாரு, வளையம் வளையமா இருக்குதுல்ல? இதுலருந்துதான் மொள வரும். மொள இல்லாத துண்ட வெதைக்கு எடுக்க மாட்டாங்க, தள்ளிருவாங்க.”

அந்தப் பெண் புத்தகத்தைப் பார்த்தாள், வளையத்தைப் பார்த்தாள். “அப்ப இதுதான் கணு. நீ உரிச்சதுதான் செதில்” என்றாள். அவன், “அதுக்குப் பேரு அதுவா?” என்று கேட்டான். வார்த்தை அவளிடமும் பொருள் அவனிடமும் இருந்தன. இரண்டும் சேர்ந்தபோது நால்வருக்கும் பாடம் விளங்கியது.

ஆசிரியை அருகில்தான் நின்றிருந்தார். வகுப்பைக் கை தட்டி நிறுத்தி, “புத்தகத்துல கணுவோட படம் மட்டும்தான் இருக்கு. நிஜமான மஞ்சள்ல அது எங்க இருக்குன்னு இவன் உரிச்சுக் காட்டினான். மொட்டு எதுக்கு வேணும்கிறதையும் சொன்னான். மத்த மஞ்சள் குழுவும் வந்து பாருங்க” என்றார். அவ்வளவுதான். அவனை எழுந்து நிற்கச் சொல்லவில்லை, கைதட்டச் சொல்லவும் இல்லை. மூன்று பேர் எழுந்து வந்து அவன் கையிலிருந்த துண்டைக் குனிந்து பார்த்தார்கள். மூவரும் ஊருக்குள்ளிருந்து வருகிறவர்கள்.

தன் குழுவுக்குத் திரும்பிச் சொல்லிக்கொடுக்கும்போது ‘மட்டநிலத்தண்டு’ என்ற சொல் அவனுக்கு நாக்கில் வரவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவள் எடுத்துக்கொடுத்தாள். அவன் நிறுத்தாமல் தொடர்ந்தான்.

அப்புறம் ஆசிரியை எல்லாக் குழுக்களுக்கும் ஒரு கேள்வி வைத்தார்: சர்க்கரைவள்ளிக் கிழங்கு தண்டா, வேரா? அவனுடைய குழு, “கொடியத்தான் வெட்டி நடுவோம், கெழங்க நட மாட்டோம். அதனால அது வேரு” என்று வாதாடியது. விடை சரி, காரணம் போதாது. அதைத் திருத்தியது ஆசிரியை அல்ல, வேறு குழுவிலிருந்த ஒரு பெண். சில நாள் கழித்து, வீட்டில் மூலையில் கிடந்து முளைவிட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். முளைக்கிறதே, அப்போது தண்டுதானே என்றாள். மறுபடி வாக்குவாதம். முளைப்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, கணுவும் செதிலும் இருக்கிறதா என்று தேட வேண்டும் என்ற இடத்துக்குப் பிள்ளைகளே வந்து சேர்ந்தார்கள். மஞ்சளில் உரித்த மாதிரி சர்க்கரைவள்ளியிலும் நகத்தால் உரித்துப் பார்த்தார்கள். வளையம் இல்லை. ஏழாம் வகுப்பில் இதைவிட நல்ல அறிவியல் விவாதத்தை நான் கேட்டதில்லை.

ஒரு தகப்பனார் வந்தார்

ஜூலையில் மதிப்பெண்கள் வீட்டுக்குப் போனதும், நன்றாகப் படிக்கும் மாணவி ஒருத்தியின் தகப்பனார் பள்ளிக்கு வந்தார். அவளுடைய குழுவில் சீட்டில் பெயர் வந்த பையன் சரியாக விளக்கவில்லை. குழு மதிப்பெண் குறைந்துவிட்டது.

“ஏனுங்க டீச்சர், எம் புள்ள ஒழுங்காப் படிச்சுட்டுத்தான வருது. எவனோ சொல்லாம விட்டதுக்கு இதுக்கு எதுக்குங்க மார்க்கு கொறையோணும்?” என்றார். ஆசிரியை முறையை விளக்கினார். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, மகளை வேறு பிள்ளைகளோடு உட்கார வைக்க முடியுமா என்றார். எந்தப் பிள்ளைகள் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் புரிந்தது.

தலைமையாசிரியர் இரண்டு கேள்விகளையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டார். முதலாவதில் நியாயம் இருந்தது. மதிப்பெண் என்பது ஒரு பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதன் பதிவு. பக்கத்தில் இருப்பவரின் தயக்கத்தை அதில் சேர்த்தால் பதிவு பொய்யாகிவிடும். அன்றே அதை மாற்றுவதாகச் சொன்னார். இனி 10 மதிப்பெண்ணும் அவரவர் பதிலுக்கே. சீட்டு எடுத்து விளக்கச் சொல்வது தொடரும், ஆனால் அதற்கு மதிப்பெண் இல்லை. யார் பெயர் வேண்டுமானாலும் வரலாம் என்பதாலேயே குழு ஒவ்வொருவரையும் தயார்ப்படுத்தும். அந்தப் பயன் அப்படியே இருக்கும்.

இரண்டாவதற்கு, “அதை மட்டும் செய்ய முடியாதுங்க. இது அரசாங்கப் பள்ளிக்கூடம். யார் யாரோட உக்காரணும்னு வீட்டுலருந்து சொல்லி நாங்க மாத்தினா, அப்புறம் இங்க பாடம் நடத்தவே முடியாது” என்றார். குரல் உயரவில்லை. வந்தவர் மேற்கொண்டு எதுவும் பேசாமல் கிளம்பிப் போனார். மாணவி அதே குழுவில் தொடர்ந்தாள். இரண்டு கேள்வியையும் ஒன்றாகப் போட்டு, ‘பெற்றோர் எதிர்ப்பு’ என்று முறையையே கைவிட்ட பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்றுமே காதில் விழாத மாதிரி இருந்துவிட்டு, நியாயமான குறையையும் சேர்த்து அமுக்கிய பள்ளிகளும் உண்டு. இங்கே பிரித்துப் பார்த்ததால்தான் பருவம் முழுக்க முறை நிலைத்தது.

பருவ முடிவில்

செப்டம்பரில் மறுபடி அதே மாதிரி குறிப்பு எடுத்தேன். நான் பார்த்த எந்தக் குழுவிலும், பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாதவர் என்று யாரும் இல்லை, ஒருத்தியைத் தவிர. அவள் எல்லா வேலையும் செய்தாள், எழுத்துத் தேர்வில் நன்றாகவே எழுதினாள், ஆனால் பேசவில்லை. அவளைப் பேச வைத்தே தீர வேண்டும் என்று ஆசிரியை நினைக்கவில்லை. எனக்கும் அது சரியென்றே படுகிறது.

ஒரு குழு கடைசிவரை சேரவில்லை. இரண்டு பையன்களுக்கு விளையாட்டு மைதானத்தில் ஏற்பட்ட சண்டை வகுப்புக்குள்ளும் வந்தது. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருவனை வேறு குழுவுக்கு மாற்றினார் ஆசிரியை. தெருவைக் காரணமாகக் காட்டி வந்த கோரிக்கையை மறுத்த அதே பள்ளி, சண்டைக்காக ஒருவனை மாற்றியது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியலாம். அதனால் காரணத்தை இரு வீட்டாரிடமும் முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

மஞ்சள் உரித்துக் காட்டியவன் இப்போது கேள்வி கேட்கிறான். ஆனால் அவனுடைய வாசிப்பு அப்படியேதான் இருக்கிறது. இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். இதை மறைக்காமல் எழுதுவது முக்கியம். குழுப்பணி அவனுக்குப் பேச இடம் கொடுத்தது. வாசிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை; அதற்கான கருவியும் அது இல்லை.

சரளமாக வாசிக்கும் பிள்ளைகளுக்குச் சலிப்பு வந்திருந்தது. “எப்பப் பாத்தாலும் நானேதான் டீச்சர் வாசிக்கறேன்” என்றாள் ஒருத்தி. வாராவாரம் பொறுப்பு மாறினாலும், தடுமாறுகிறவன் முறை வரும்போது நேரம் போகிறதே என்று புத்தகம் இவள் கைக்கே வந்துவிடும்.

மதிய உணவின்போது பிள்ளைகள் பழையபடிதான் உட்கார்ந்தார்கள். வகுப்புக்குள் மட்டும், ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் விருப்பம் போலக் குழு சேரச் சொன்னபோது, பையன்களின் மூன்று குழுக்களில் இரண்டில் தெரு கலந்திருந்தது. ஜூனில் ஒன்றுகூட இல்லை.

இனி மாற்றிச் செய்யப்போவது

பெற்றோரிடம் பேச்சை மதிப்பெண் வந்த பிறகு தொடங்குவது தாமதம். அடுத்த ஆண்டு ஜூனிலேயே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், பிள்ளைகள் கலந்து உட்காருவார்கள், மதிப்பெண் தனித்தனிதான் என்ற இரண்டையும் சொல்லிவிடத் தலைமையாசிரியர் தீர்மானித்திருக்கிறார்.

எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்தத் தேவையில்லை. அணு அமைப்பு பாடத்தில் இதே முறையைப் பார்த்தபோது எடுபடவில்லை. கையில் எடுத்துப் பார்க்க எதுவும் இல்லாததால் மீண்டும் படிக்கத் தெரிந்தவர் சொல்ல மற்றவர் கேட்டார்கள். அந்த மாதிரிப் பாடங்களை ஆசிரியை நேரடியாக நடத்துவதே நல்லது.

வாசிப்பில் பின்தங்கிய ஐந்தாறு பேருக்கு, காலை வழிபாட்டுக்கு முன் அரை மணி நேரம் தமிழாசிரியர் தனியாக வாசிப்புப் பயிற்சி தர ஒப்புக்கொண்டிருக்கிறார். அறிவியல் குழுவில் வாசிக்க வேண்டிய பகுதியை முதல் நாளே அவர்களிடம் கொடுத்து அங்கே ஒருமுறை படிக்கவைப்பது திட்டம். மறுநாள் குழுவில் அவர்கள் முறை வரும்போது புத்தகம் கைமாற வேண்டியிருக்காது; சலித்துப்போன பிள்ளைகளுக்கும் ஓய்வு.

நான்கு பேர் குழுவுக்கு முன்னால் இருவர் வேலையிலிருந்து தொடங்குவதையும் பார்க்கலாம் என்றிருக்கிறோம். இரண்டாம் பருவத்தில் மின்னோட்டவியல் வருகிறது. இரண்டு பேருக்கு ஒரு பேட்டரி, ஒரு பல்பு, இரண்டு துண்டு ஒயர் என்று 14 செட் ஆசிரியை இப்போதே சேர்க்கத் தொடங்கிவிட்டார். பேட்டரியையும் பல்பையும் ஒயர் முனைகளோடு சேர்த்து ஒரே ஆள் பிடிப்பது சிரமம். இன்னொருவர் கை கட்டாயம் வேண்டும்.